சிகாகோவில் பார்த்த ஆவி

அத்தைக்கு, செந்தாமரை கும்பிட்டு எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். நான் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டார் என்னையும் ஊர் சுற்றக் கூட்டிப்போனார்கள்.

நியூயார்க்கில் கட்டடங்கள் ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு நிற்கின்றன. அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்தது. சிகாகோதான் எனக்குப் பிடித்தது. கடல் போல ஓர் ஏரி, அதன் கரையில் ஒவ்வொரு கட்டடமும் இடம் விட்டு என்ன அழகாக நிற்கிறது!

ஒன்றின் உச்சியில் வெள்ளையாக ஆவி போனது. நம்ம ஊர் தெர்மல் கரண்ட் ஆலை நினைப்பில், "இது எத்தனாவது யூனிட்டுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, அது ஆபீஸு! குளிருக்கு ஹீட்டர் ஓடுது" என்று சிரித்தார்கள். உங்கள் மகன் உயிரோடு இருந்தால், நெய்வேலி சிம்னி பக்கத்தில் இதெல்லாம் நிற்குமா என்று சண்டைக்கே வந்திருப்பார். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

யாராவது வந்தால் கொஞ்சம் வடகம் கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

சரிதா, அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு இதை நீதான் படித்துக்காட்டுவாய் என்று தெரியும். அப்பா போனதும் உன்னை விட்டு வந்துவிட்டேன் என்ற கோபத்தில் என்னிடம் போனில் பேச மாட்டேன் என்கிறாய். இப்போது உன் குரலை ஆயா கேட்டுக்கினு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எனக்கும் இதையே படித்துக்காட்டு, போதும்.

பிள்ளை எழுந்துவிட்டது, போகிறேன்.

செந்தாமரை