ஆடிக்கு மூடிய கல்யாணப் பக்கம்

16 ஜூலை 2025, புதன்

பால் பாக்கெட்டும் கையுமாகப் படியேறும்போது சண்முகவள்ளியின் போன். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் அவள் மாமனார் ஒச்சப்பன் கடை வைத்திருக்கிறார். பூமாலை ஆர்டர் எடுக்கும் வெப்சைட் மட்டும் இவள் பொறுப்பு. அதைக் கட்டிக் கொடுத்து, திண்டுக்கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நான்.

“யுவராணியக்கா, நாளைக்கு ஆடி பொறக்குது. கல்யாண மாலைப் பக்கத்த மூடிருங்க. அங்க வாரவங்க எல்லாம் கோயில் மாலைக்குப் போற மாதிரி பண்ணிருங்க. மாமா சொல்லிட்டாரு.”

ஐந்து நிமிட வேலை. சர்வரில் புது விதி ஒன்று போட்டேன். ‘மாலை/கல்யாணம்’ என்ற முகவரிக்கு யார் வந்தாலும் ‘மாலை/ஆடி’ முகவரிக்கு அனுப்பிவிடு. விண்டோஸ் சர்வரில் இதற்குப் பெட்டி பெட்டியாக இருக்கும், நிரப்பினால் போதும். கடைசிப் பெட்டியில் அதுவாகவே ஏதோ நிரப்பி வைத்திருந்தது, நான் தொடவில்லை. ஆடிப் பக்கத்தின் தலையில் ஒரு வரியும் நானே எழுதினேன்: ‘கல்யாண மாலைக்கு ஆர்டர் எடுப்பதில்லை.’ சுருக்கமாக, தெளிவாக இருந்தது.

பால் திரிந்துவிட்டது. அம்மா திட்டினாள்.

25 ஜூலை, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. அம்மன் மாலை, எலுமிச்சை மாலை, அரளி என்று ஆர்டர் குவிகிறது. சண்முகவள்ளிக்குப் பேச நேரமில்லை. ஆனாலும் சாயங்காலம் கூப்பிட்டு ஒரு மூச்சு பேசித் தீர்த்தாள்.

மாமனார் ஆவணி வரைக்கும்தான் தவணை கொடுத்திருக்கிறாராம். ஆவணி முகூர்த்தங்களுக்கு வெப்சைட்டில் ஆர்டர் வந்தால் கடை ஆர்டர் முழுவதும் இவள் கையில். வராவிட்டால் கடைப் போன் மறுபடி மாமனார் சட்டைப்பைக்குப் போய்விடும். இவள் வீட்டோடு. “அதுக்கப்புறம் என்னய கடைப் பக்கம் யாருக்கா கூப்புடப் போறா? எனக்கு அந்தக் கடை புடிச்சிருக்குக்கா” என்றாள்.

அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ‘இனிமே போன் பண்ணாதீங்க, வெப்சைட்ல போட்டா போதும்’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் அவள்தான்.

ஆவணியில் கலக்கிவிடலாம் என்று சொல்லி வைத்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா செய்த சித்திரான்னங்களில் புளியோதரை மட்டும் உருப்படி. கரண்ட் இரண்டு தடவை போனது.

9 ஆகஸ்ட், சனி

என் மாமா பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். அம்மா தன் போனில் ஒச்சப்பன் கடையின் கல்யாண மாலைகளைக் காட்டப் பார்த்து, அம்மன் மாலைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். “என்னடி, கல்யாணத்துக்கு எலுமிச்சம்பழத்தையா போடுறது?” ஆவணி பிறந்ததும் வரும் என்றேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒன்று. காபி குடிப்பதற்கு முன்பே விதியை நீக்கினேன். என் லேப்டாப்பில் புது ஜன்னல் திறந்து பார்த்தேன். ரோஜா மாலை, சம்பங்கி மாலை, மல்லிகைச் சரம் — எல்லாம் அழகாக வந்து நிற்கின்றன. சண்முகவள்ளிக்கு ‘திறந்தாச்சு’ என்று மெசேஜ் போட்டேன். கைகூப்பும் பொம்மை அனுப்பினாள்.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஆர்டர் வருகிறது. ஆனால் எல்லாம் புது ஆட்கள். வடமதுரையிலிருந்து ஒருவர், பழனி ரோட்டிலிருந்து ஒருவர். சண்முகவள்ளிக்கு அது போதவில்லை.

“ரோசலின் அக்காவக் காணோம்க்கா. கிதர் முகம்மது அண்ணனையும் காணோம். ரெண்டு பேரும் வாரம் தவறாமப் போடுறவங்க.”

ரோசலின் திண்டுக்கல்லில் மணப்பெண் அலங்காரம் செய்பவர். கிதர் முகம்மது கல்யாண மண்டபங்களுக்கு மேடை கட்டுகிறவர். கடைக்குப் பல வருட வாடிக்கை.

“சைட்டு நல்லாத்தான் இருக்கு சண்முகவள்ளி. நான் பாத்துட்டேன்.”

அவள் ‘சரிக்கா’ என்றாள். அந்த ‘சரிக்கா’ எனக்குப் பிடிக்கவில்லை. நான்தான் பார்த்துவிட்டேன் என்கிறேனே.

23 ஆகஸ்ட், சனி

ஒச்சப்பன் சொன்னாராம்: “பழகின சனம் ஒண்ணுகூட வரல. மெசினுக்கு மொகம் இல்லல்ல.” கத்தவில்லையாம், மெதுவாகத்தான் சொன்னாராம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போனில் அழுதாள்.

மறுபடி சோதித்தேன். புது ஜன்னல், வேறு உலாவி, வேறு இணைப்பு. எல்லாவற்றிலும் கல்யாண மாலைதான் வருகிறது. எனக்கென்ன, என் பக்கம் சரி — என்று இருந்துவிட முடியவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

நாகல் நகரில் ரோசலின் கடைக்கு நேரே போனேன். ஒரு பெண்ணுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தார். ‘நிலக்கோட்டைப் பூக்கடை வெப்சைட் பாக்குறது நான்தான்க்கா’ என்றதும் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னார்.

“எத்தன வருசமா அவுகட்ட வாங்குறேன். ஆடியில எங்க மாதா கோயில்ல கல்யாணம் நடக்கும்மா. போன மாசம் மட்டும் ரெண்டு கல்யாணம். பக்கத்தத் தொறந்தா, கல்யாண மாலைக்கு ஆர்டர் எடுக்க மாட்டோம்னு போட்டுருக்கு. சரி, ஆடின்னு விட்டுட்டேன். ஆவணி பொறந்து பாத்தேன். அப்பவும் அதேதான். அப்ப எனக்குத்தான் இல்லன்னு அர்த்தம்.”

“போன் பண்ணியிருக்கலாமேக்கா?”

“போன் பண்ணாதீங்கன்னு அந்தப் புள்ளதான சொல்லுச்சு?”

போனைக் காட்டச் சொன்னேன். அவர் கல்யாண மாலையை அழுத்தினார். வந்தது ஆடிப் பக்கம். நான் எழுதிய அந்த வரி, தலையில், பெரிய எழுத்தில்.

அந்தப் பெட்டி. நான் தொடாமல் விட்ட கடைசிப் பெட்டி! அதில் ‘நிரந்தரம்’ என்று இருந்திருக்கிறது. அதன் எண் 301. ‘தற்காலிகம்’ என்றால் போன் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் வந்து ‘இப்போதும் அங்கேதானா?’ என்று கேட்கும். ‘நிரந்தரம்’ என்றால் ஒரு தடவை கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு, அப்புறம் கேட்கவே கேட்காது. சர்வரில் விதியை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? ரோசலின் போன் என் கல்யாணப் பக்கத்தைத் தட்டுவதே இல்லை. நேரே ஆடிக்குப் போய் நிற்கிறது.

புது ஆள் யாருக்கும் இந்தத் தொந்தரவு இல்லை. ஆடியில் கல்யாண மாலை தேடி வந்தவர்களுக்குத்தான் அடைத்திருக்கிறது. ஆடியில் கல்யாண மாலை தேடுவது யார்? ஆடி பார்க்காதவர்கள். ரோசலினும் கிதர் முகம்மதுவும். நான் சோதித்ததெல்லாம் எதுவுமே தெரியாத புது ஜன்னலில். மடச்சி!

அவர் போனில் நினைவை அழித்தால் அந்த நிமிடமே சரியாகிவிடும். அழிக்கட்டுமா என்று கேட்டேன். போனை வாங்கிக்கொண்டார்.

“விடும்மா. வியாழக்கெழம முகூர்த்தத்துக்கு வேற எடத்துல சொல்லிட்டேன்.”

26 ஆகஸ்ட், செவ்வாய்

ரோசலின் போனை மட்டும் சரிசெய்து என்ன ஆகும்? இன்னும் யார் யார் போனிலோ இது உட்கார்ந்திருக்கிறது. வீடு வீடாகப் போய் அழிக்க முடியாது.

காலையில் ஒரு யோசனை: ஆடிப் பக்கத்துக்கு வருகிறவர்களைக் கல்யாணப் பக்கத்துக்கே, ‘தற்காலிகம்’ என்று போட்டு, திருப்பி அனுப்பு. போட்டேன். சோதிக்க அம்மாவின் போன் இருக்கிறதே, ஆடியில் பார்த்த போன்! அழுத்தினேன். கல்யாணத்திலிருந்து ஆடிக்கு, ஆடியிலிருந்து கல்யாணத்துக்கு, மறுபடி ஆடிக்கு. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, பக்கம் திறக்காது என்று கைவிரித்துவிட்டது. வேண்டியதுதான் எனக்கு.

“என் போன ஏன்டி காலையில இருந்து நோண்டுற?” என்றாள் அம்மா.

மத்தியானம் கீரைக் கடைசலும் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் புத்தி வந்தது. பழைய கல்யாண முகவரியை மறந்துவிட வேண்டியதுதான். கல்யாண மாலைகளைப் புத்தம்புது முகவரியில் வைத்தேன்: ‘மாலை/மணமாலை’. ஆடி முகவரியின் வாசலில் ஒரு விதி: இங்கே வருகிறவர்களை மணமாலைக்கு அனுப்பு. இந்தத் தடவையும் கடைசிப் பெட்டியைத் திறந்து, ‘தற்காலிகம்’ என்பதைத் தேர்ந்து, அது தேர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்து, அதற்கப்புறம்தான் சேமித்தேன். கோயில் மாலைகளுக்கும் வேறு முகவரி.

தவறான இடத்துக்குப் போய் நிற்கிறவர்களை அந்த இடத்திலேயே போய் அழைத்து வருவது. அவ்வளவுதான்.

அம்மாவின் போனில் பழைய கல்யாண முகவரியை அழுத்தினேன். ஆடிக்குப் போய், அங்கிருந்து மணமாலைக்கு வந்துவிட்டது. அம்மா அந்த நிமிடமே ஒரு ரோஜா மாலையைக் காட்டி விலை கேட்டாள்.

27 ஆகஸ்ட், புதன்

விநாயகர் சதுர்த்தி. சொல்லவேண்டியதைப் போனில் சொல்லக்கூடாது என்று நிலக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மார்க்கெட்டில் அருகம்புல்லும் எருக்கம்பூவும் மலைபோல. வியாபாரம் ஓய்ந்தபிறகுதான் ஒச்சப்பன் உட்கார்ந்தார். சண்முகவள்ளி கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கண்ணைப் பார்க்காமல் நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்றும் சொன்னேன்.

அவருக்கு 301 எல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

“ரோசலினம்மா ஆடியிலயா மால கேட்டுச்சு?”

“ஆமாங்கய்யா. ரெண்டு கல்யாணத்துக்கு.”

“வருசா வருசம் கேக்கும். வருசா வருசம் நானும் கட்டிக் குடுப்பேன். போன எடுத்தா அது கொரலு, எனக்கென்ன ஆடி ஆவணி?” துண்டால் முகத்தைத் துடைத்தார். “மூடுன்னு சொன்னது நாந்தான். அவுக நெனப்பே வரலையே தாயி.”

அங்கேயே ரோசலினுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போடவில்லை.

சண்முகவள்ளி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். “கட ஆர்டர் பத்தி மாமா ஒண்ணும் சொல்லலையேக்கா” என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

முகூர்த்தம். சர்வர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆடி வழியாக மணமாலைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒருவர், இன்னொருவர். இத்தனை பேர் அடைபட்டா கிடந்தார்கள்?

ரோசலின் ஆர்டர் இல்லை. போனுக்கு வழி திறந்துவிட்டது, மனுஷிக்கு நான் என்ன விதி போடுவது?

4 செப்டம்பர், வியாழன்

கிதர் முகம்மது மேடைக்குச் சம்பங்கி கேட்டு ஆர்டர் போட்டிருக்கிறார். ஒன்றுமே நடக்காததுபோல, வழக்கமான எழுத்துப்பிழைகளோடு. சண்முகவள்ளி அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள்.

ஒச்சப்பன் இன்னும் முடிவு சொல்லவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

ஒச்சப்பன் காலையில் நாகல் நகருக்கு வந்தாராம். மாதா கோயில் பூசை முடிந்து ரோசலின் வெளியே வரும்வரை வாசலில் நின்றாராம், கையில் ஒரு பந்து மல்லிகையோடு. என்ன பேசினார்கள் என்று சண்முகவள்ளிக்கே தெரியாது. “மாமா திரும்பி வந்து கம்மங்கூழு குடிச்சாரு, படுத்துட்டாரு” என்கிறாள்.

எனக்கும் ஒரு பந்து கொடுத்துவிட்டிருக்கிறார். அம்மா அதில் பாதியைப் பிள்ளையாருக்கு எடுத்துக்கொண்டாள்.

12 செப்டம்பர், வெள்ளி

பல் வலி. டாக்டர் பிடுங்கச் சொல்கிறார். யோசிக்க வேண்டும்.

17 செப்டம்பர், புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. நம் சனம் இந்த மாதமும் கல்யாணம் வைக்காது. சண்முகவள்ளி கூப்பிடுவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டாள். பின்னால் பூக்காரர்கள் சத்தம், லோடு இறங்கும் சத்தம். கடையிலிருந்துதான் பேசுகிறாள்.

“கல்யாணப் பக்கத்த என்ன பண்ண சண்முகவள்ளி? துளசி மாலைக்குத் திருப்பணுமா?”

“நானும் மாமாட்ட கேட்டேன்க்கா. ‘கட ஆர்டர் ஓங்கிட்ட இருக்கு, என்னய ஏன் கேக்குற’ன்னுட்டாரு.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆனது. என் குரலும்தான்.

“சரி. நீ சொல்லு. மூடட்டுமா?”

“மூடாதீங்கக்கா. அது பாட்டுக்குத் தெறந்து கெடக்கட்டும். யாரு வீட்டுல என்னைக்குக் கல்யாணமோ.”

சாயங்காலம் பதிவேட்டில் ஒரு வரி. ஒரு போன் ஆடிக்குப் போய், அங்கிருந்து மணமாலைக்கு வந்து, ஓர் ஆர்டர் போட்டிருக்கிறது. இந்தச் சனிக்கிழமைக்கு, ரோஜாவும் சம்பங்கியும் கலந்து இரண்டு மாலை. பெயர்: ரோசலின், நாகல் நகர்.

அவர் போன் இன்னும் பழையதை மறக்கவில்லை. ஆடி வாசலில் இருக்கும் அந்த விதியை நான் எடுக்கப் போவதில்லை.