வரவேற்பு மேசையில் நாற்பது நிமிடம்

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளி வாசலில் காலை ஏழேகாலிலிருந்து எட்டரை வரை. விசில், ஆரஞ்சு மேலங்கி, கையில் நிறுத்தப் பலகை. காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, "நீங்க நிஜ போலீஸா, சும்மா போலீஸா?" என்று கேட்டார். "சும்மா போலீஸ்தான். ஆனா வண்டி நம்பர நிஜமாவே எழுதுவேன்" என்றேன். எழுதவும் செய்தேன். யார் படிக்கப்போகிறார்கள்?

எங்கள் ஸ்டேஷனில் ரிசர்வ் ஆட்கள், ஓய்வு நேரத்தில் வந்து உதவும் தொண்டர்கள், ஆறு பேர். சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு குறிப்பேடு. டூட்டி முடிந்ததும் அதைப் பின்னறையில் இருக்கும் நீலத் தட்டில் போட வேண்டும். வாரம் ஒருமுறை சார்ஜென்ட் படித்துக் கையெழுத்திட வேண்டும். இது விதி. போன மாதம் சோதித்துப் பார்ப்பதற்காக, "காலை 8.05. யானை ஒன்று சாலையைக் கடந்தது. வழிவிட்டேன்" என்று எழுதி வைத்தேன். அதன் கீழே சார்ஜென்ட்டின் கையெழுத்து, தேதியோடு, அழகாக.

தையல்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவரும் ரிசர்வ்தான், கடையில் மெஷினை மூடிவிட்டு வருகிறவர். "யானைகிட்ட லைசென்ஸ் கேட்டீங்களா சார்?" என்றார். நல்ல மனிதர். அவருடைய குறிப்பேட்டை ஒருமுறை புரட்டினேன். கோழி கிளறியது போல எழுத்து. மூன்றாவது வரியில் மூடிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கடைத்தெருவில் அண்ணனைப் பார்த்தேன். அண்ணி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அண்ணனின் சட்டையில் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. நான் எதிர்ப்பக்கம் கடந்துவிட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் ஞாபகம் நிக்கறதில்லையாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்ல?" என்றாள் மனைவி.

ஞாபகம் நிற்காதவருக்கு என்ன கவலை? எனக்கு நிற்கிறதே. இருபத்தைந்து வயதில் போலீஸ் அதிகாரித் தேர்வு எழுதினேன். எழுத்தில் முதலிடம், ஓட்டத்தில் நான்காவது. குடும்பத்தை விசாரிக்க வந்த அதிகாரியிடம் என் கூடப்பிறந்த அண்ணன் சொன்னது: "அவன் நல்லவன் சார். ஆனா மனசுல ஒண்ண வச்சுட்டான்னா விடமாட்டான். அதிகாரம் கைக்கு வந்தா யாரையாவது பழி தீத்துக்குவான்." அந்த அதிகாரியே காகிதத்தைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினார். அண்ணனும் மறுக்கவில்லை. "கேட்டாரு, மனசுல பட்டத சொன்னேன்" என்றார்.

அதற்குப் பின் கல்லூரி நூலகத்தில் புத்தக முதுகுகளுக்கு எண் ஒட்டி வருகிறேன். இருபத்தொன்பது வருடம். ஐம்பது வயதில் ரிசர்வில் சேர்ந்தபோது மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். இஸ்திரி போட்ட சட்டைக்குள் நுழையும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எனக்கு வாரம் ஓடுகிறது.

பிப்ரவரி 26, புதன்

ஒன்றுமில்லை. பல்வலி.

மார்ச் 1, சனி

காலை வரவேற்பு மேசையில் நான். ரிசர்வ் ஆள் புகார் எழுத முடியாது. வருகிறவரை உட்காரவைத்து, சீட்டில் நேரம் குறித்து, உள்ளே இருக்கும் நிரந்தரக் காவலரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அதிகாரம்.

பத்து பத்துக்கு அண்ணி வந்தார். தலை கலைந்திருந்தது. காலில் இரண்டு வெவ்வேறு செருப்பு.

"தம்பி, அவரைக் காணோம் தம்பி. குளிச்சுட்டு வர்றதுக்குள்ள கதவத் தொறந்து போயிட்டாரு. ஒரு மணி நேரமா தேடுறேன்."

"உட்காருங்க மேடம். கூப்பிடுவாங்க" என்றேன்.

மேடம். அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சார்ஜென்ட் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. அடையாள அட்டையைத் தொலைத்தவருக்குச் சீட்டு எழுதினேன். வண்டி நிறுத்துவதில் சண்டை போட்ட இருவரை வேறொரு காவலரிடம் அனுப்பினேன். பாலத்து முனையில் டூட்டி முடித்த தையல்காரர், ஊருக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் குறிப்பேட்டோடு வந்து, "சார், இன்னிக்கு ஒரு பெரியவர் என்கிட்ட" என்று ஆரம்பித்தார். "எழுதி வைங்க, படிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். பத்து ஐம்பதுக்குக் கதவைத் தட்டினேன். சீட்டில் அண்ணி வந்த நேரமும் பத்து ஐம்பது என்றே எழுதினேன்.

எங்கே போய்விடப்போகிறார்? பக்கத்துத் தெருவில் எங்காவது நிற்பார். ஒரு முறையாவது அவர்கள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் இந்த டைரி எதற்கு?

மாலை ஆறு. இன்னும் கிடைக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கிடைக்கவில்லை.

பேருந்து நிலையம், மூன்று ஆஸ்பத்திரி, அண்ணன் வேலை பார்த்த அச்சகம், நாங்கள் பிறந்த வீடு இருந்த இடம். அங்கே இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். காவலாளியிடம் புகைப்படத்தைக் காட்டினேன். "உங்களுக்கு என்ன வேணும்?" என்றான். "அண்ணன்" என்றேன். வாயால் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை வருடம்.

மத்தியானத்திலிருந்து மழை. செருப்பில்லாமல் போயிருக்கிறார். எந்த மழையில் நிற்கிறாரோ.

அண்ணி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் என் புகைப்படம், சீருடையில். ரிசர்வ் ஆண்டு விழாவில் எடுத்தது, வட்டாரப் பத்திரிகையில் வந்தது. வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"தினமும் அதக் காட்டி, எந்தம்பி போலீஸ்ல பெரிய ஆபீசர்னு சொல்லுவாரு. நீங்க அந்த வேலைக்குப் போயிட்டதாவே நெனப்பு" என்றார் அண்ணி. பிறகு, "நீங்க இருந்ததாலதான் தம்பி நேத்து உடனே எழுதிக்கிட்டாங்க. இல்லன்னா எங்கள யாரு கண்டுக்குவா" என்றார்.

நான் தண்ணீர் கேட்டேன். குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு அழுகிப்போகாதா?

மார்ச் 3, திங்கள்

நூலகத்துக்கு விடுப்பு. காலை ஐந்தரை முதல் நடந்தேன். வடக்குத் தெருக்கள் எல்லாம் முடிந்தன. வலது குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. நல்லது.

"எத்தனை பேரத் தேடுறது சார்? வயசானவங்க, மறதி கேஸ். மொத ரெண்டு மணி நேரத்துல கெடச்சாத்தான்" என்றார் சார்ஜென்ட். பாதியில் நிறுத்திக்கொண்டார். சொந்த அண்ணன் என்று அவருக்கு நேற்றுதான் தெரியும்.

முதல் இரண்டு மணி நேரம். அதில் நாற்பது நிமிடம் என் மேசையில் இருந்தது. என் பேனாவுக்கடியில்.

மூன்று இரவு. அவர் கையில் மாத்திரை இல்லை. யாரிடம் கேட்பேன், யார் காலில் விழுவேன்? இந்த மனுஷன் எங்கதான் போனாரு? வந்து என்னைத் திட்டட்டும். நான் அன்னைக்குச் சொன்னது சரியாப்போச்சு பாத்தியான்னு ஊரக் கூட்டிச் சொல்லட்டும். வரட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

 நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் போனேன். சார்ஜென்ட் நீலத் தட்டை முன்னால் வைத்து ஒவ்வொரு குறிப்பேடாக எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண் ஜன்னலில், கை காகிதத்தில். மூன்று நாள் ஆத்திரமும் தலைக்கேறியது. அடுத்த குறிப்பேட்டை வெடுக்கென்று பிடுங்கினேன். "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படி சார் கையெழுத்து போடுறீங்க? நான் படிக்கிறேன், கேளுங்க" என்றேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

அது தையல்காரருடையது. உரக்கப் படித்தேன்:

"சனி 10.25 பாலம். ஒரு பெரியவர், காலில் செருப்பு இல்லை. தம்பி போலீசில் ஆபீசர், சாப்பிட்டானா என்று பார்க்கணும் என்றார். தண்ணி கொடுத்தேன். ஸ்டேஷன் வழி காட்டினேன். அந்தப் பக்கம் போகாமல் கால்வாய்ப் பாதையில் இறங்கிவிட்டார். 10.40 ஸ்டேஷன். மேசையில் சாரிடம் சொல்லப் போனேன். எழுதி வை என்றார். எழுதிவிட்டேன்."

கடைசி இரண்டு வரியை நான் எப்படிப் படித்து முடித்தேன் என்று தெரியவில்லை.  சார்ஜென்ட் பேனாவை மூடி வைத்தார்.

பத்து பத்துக்கே நான் கதவைத் தட்டியிருந்தால் வாக்கி டாக்கியில் செய்தி போயிருக்கும். பத்து இருபத்தைந்துக்குத் தையல்காரர் அவர் கையைப் பிடித்திருப்பார். என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். நான் சாப்பிட்டேனா என்று பார்க்க.

ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் பாலம் அவர்கள் வீட்டுக்கு நேர் எதிர்த்திசை. அந்தப் பக்கம் நாங்கள் யாரும் தேடவே இல்லை.

கால்வாய்ப் பாதையில் ஓடினோம், நானும் சார்ஜென்ட்டும் இரண்டு காவலர்களும். சார்ஜென்ட்டுக்கு மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. இரண்டாவது கிலோமீட்டரில் பயன்படாத பம்ப் அறை. அதன் பின்னால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே கிடந்தார். இடுப்பு உடைந்திருந்தது. உதடெல்லாம் சேறு. குழாயிலிருந்து சொட்டிய நீரை நக்கியிருக்க வேண்டும்.

உயிர் இருக்கிறது.

என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "ஆபீசர், எந்தம்பியப் பாத்தீங்களா?" என்றார்.  சார்ஜென்ட்தான், "வந்துட்டாருங்க, இதோ வந்துட்டாரு" என்றார்.

மார்ச் 6, வியாழன்

அறுவை சிகிச்சை முடிந்தது. நுரையீரலில் சளி. "இனி நடப்பது கஷ்டம். மற்றது பார்க்கலாம்" என்கிறார் மருத்துவர். மற்றது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

சீட்டில் நேரத்தை மாற்றி எழுதியதையும், தெரிந்தே காக்கவைத்ததையும் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, சார்ஜென்ட்டிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் படித்து நான் பார்ப்பது இதுவே முதல் முறை.

"இத குடுத்தா உங்கள எடுத்துடுவாங்க சார். நானும் படிக்காம கையெழுத்து போட்டவன்தான். கிழிச்சுப் போடுங்க, ரெண்டு பேருக்கும் நல்லது."

"அனுப்புங்க" என்றேன்.

தையல்காரர் ஊரிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தார். "எனக்கு எழுத்து சரியா வராது சார், அதான் வாயால சொல்லிடலாம்னு" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. தப்பு தன்னுடையது என்று நினைக்கிறார். அவர் எழுத்தில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

வார்டுக்கு வெளியே, மருந்துக் கடை வரிசையில், அண்ணியிடம் சொல்லிவிட்டேன். நின்றபடியே.

அண்ணி மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "தெரியும் தம்பி. கடிகாரம் எனக்கு நேராதானே மாட்டியிருந்துச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் அண்ணி ஞாயித்துக்கெழம அப்படிச் சொன்னீங்க?"

"உங்கள விட்டா யாரு தேடுவா?"

வரிசை நகர்ந்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவை மட்டும் எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 19, புதன்

நீக்க உத்தரவு வந்தது. சட்டை இரண்டு, கால்சட்டை இரண்டு, தொப்பி, விசில், குறிப்பேடு. ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். பட்டியலைப் படித்துவிட்டுத்தான்.

மார்ச் 22, சனி

காலையில் கஞ்சி ஊட்டுவது இப்போது என் முறை. நாலு ஸ்பூன் இறங்கியது. ஐந்தாவதில் என் முகத்தை வெகு நேரம் பார்த்தார்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேண்ணே."

"யூனிஃபார்ம் எங்க?"

"துவைக்கப் போட்டிருக்குண்ணே."

தலையை ஆட்டினார். பக்கத்துக் கட்டிலை ஓரக்கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குப் போட்டுட்டு வா. அந்த ஆளு நம்பவே மாட்டேங்கறான்."

சரி என்றேன்.