தம்பி வீட்டு முற்றத்தில் ஆறு

12 டிசம்பர் 2015, சனி

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கடையைப் பூட்டும்போது அயர்லாந்திலிருந்து தம்பி போன் எடுத்தான். ஆற்றுத்தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டதாம்.

“முந்தி இஞ்சை நாள் முழுக்கத் தூறும், ஆறு ஏறாது. இப்ப ஒரு கிழமைக்குப் பெய்யிற மழை ஒரே இரவில கொட்டுது, அக்கா.”

“மனுசி பிள்ளையளோட நீயும் வெளிக்கிட்டிருக்கலாமே?”

“பக்கத்து வீட்டுக் கிழவருக்கு நடக்கேலாது. தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?”

“உனக்கென்ன விசரா?” என்று கத்திவிட்டேன். ஏதோ சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

அதற்குப் பிறகு அவனுடைய போன் வேலை செய்யவேயில்லை. சற்றுமுன் அவன் மனைவி, என் மச்சாள், எடுத்தாள்.

“அவர் உங்களோட கதைச்சவரா?”

“ஓம்.”

“என்ன கதைச்சனீங்கள்?”

மழையைப் பற்றி என்றேன். விசரா என்று கத்தியதையும் அந்தச் சத்தத்தையும் சொல்லவில்லை.