நீ அணைக்க மறந்த போன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை விசாரித்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா, வீம்புக்கு ஏறுகிறாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நானே சரிசெய்கிறேன் என்று இறங்கி இன்னும் கெடுத்து வைத்திருக்கிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்று நீ சொன்னபோது அம்மாவுக்கு வாயெல்லாம் பல். கொடுத்து வைத்தவள் என்று நானும் நினைத்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு அது சொகுசாகத்தானே தெரியும். ஆபீஸ் போகிற நாளிலும் பக்கத்து நாற்காலிகள் காலி, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் வேறு வேறு ஊரில், அங்கேயும் திரையைப் பார்த்துத்தான் பேச்சு என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன புதன்கிழமை நீ எங்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டரில் ஆபீஸ் அழைப்பு வந்தது. ஒரு நிமிஷம்ப்பா என்று போனைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பியவள் அதை அணைக்க மறந்துவிட்டாய். அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். மேனேஜர் எப்படி இருக்கே என்று கேட்டார், சூப்பரா இருக்கேன் என்றாய். அப்புறம் கம்ப்யூட்டர் கேமராவை மூடிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாய். ஆபீஸ்காரர்கள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, கணீரென்று பதில் சொல்லிவிட்டு மறுபடி கவிழ்ந்தாய். மூன்று தடவை. நான் உடனே கட் பண்ணியிருக்க வேண்டும், பெற்ற பிள்ளையானாலும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது தப்புதான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அம்மாவிடம் லைன் போய்விட்டது என்று சமாளித்தேன். போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ எட்டாவது படிக்கும்போது ஒருநாள் காலை டிப்போவில் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகப் பயம். காரணம் இன்றுவரை தெரியாது. டிப்போ மேனேஜரிடம் போய் இன்னைக்கு என்னால முடியாது சார் என்றேன். அவர் குடைந்து கேட்காமல் டாக்டரிடம் அனுப்பி, பதினொரு நாள் வண்டி கொடுக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் நான் யூனிபாரம் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பி, டிப்போ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இன்றைக்கு வேலை எப்படி என்று அம்மா கேட்டால் ரோட்டில் சரியான நெரிசல் என்று கதை விட்டேன். பயத்தைவிட அந்த நடிப்புதான் என்னை வாட்டியது.

ஆகவே நீ மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல், டாக்டரைப் பார். ஆபீஸ் போகிற நாளில் இன்னொருவரும் வரும்படி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேள். உங்கள் வேலை எனக்குப் புரியாது, ஆனால் பக்கத்தில் ஒரு மனுஷ முகம் வேண்டும் என்பது புரியும். நான் வரவேண்டும் என்றால் ஒரு வார்த்தை போதும், கிளம்பிவிடுவேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அந்தப் பதினொரு நாளை அம்மாவிடம் சொல்லப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்துதான் சொல்லச் சொல்கிறேன், கண்ணு.

உன் மனசும் உடம்பும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும். மேனேஜரிடம் பேசிய அன்றே எனக்கு ஒரு வரி போட மறக்காதே.

என்றும் உன் நினைவோடு,
அப்பா