சிவம் களவெடுத்த கதை

14.06.1998, ஞாயிறு

இன்று பட்டப்பகலில் என் சாம்ராஜ்யம் பறிபோனது.

ஹெலன்ஸ்பர்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போலக் காரடியில் நின்று புளிச்சாதம் சாப்பிட்டோம். பிறகு பழைய ரயில் சுரங்கத்துக்குப் போனோம். நிலக்கரி வெட்டிய அந்த ஊரில் கோயிலுக்கு அடுத்த அதிசயம் அதுதான். உள்ளே இருட்டுச் சுவரில் புழுக்கள் நீலமாய் மினுங்கும். புதுச் சனத்துக்கு அதைக் காட்டி, "அது புழுவில்லை, சுரங்கம் மூடினது தெரியாமல் இன்னும் கரி வெட்டுற ஆக்களின்ர தலைவிளக்கு" என்று சொல்லும் உரிமை தென்துருவம் வரைக்கும் எனக்கு மட்டுமே சொந்தம்.

இன்று எங்களோடு வந்த புதுச் சனத்துக்கு நான் வாய் திறக்க முதல் சிவம் தொடங்கிவிட்டான். அந்த இடத்தையே அவனுக்குக் காட்டியவன் நான். "நான் ஒருக்கா அவங்களுக்குத் தேத்தண்ணியும் குடுத்தனான்" என்று புதிதாக ஒன்றும் சேர்த்தான். அது நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"டேய், அது என்ர கதையெல்லோ?"

"ஓம் ஓம், அண்ணையும் சொல்லுறவர். என்னட்டைக் கேட்டுத்தான்" என்றான், கூசாமல்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் இருட்டுக்குள் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனிசி. நான் சொல்லும்போதெல்லாம் "சும்மா இருங்கோ, ஆக்கள் நம்பப்போகினம்" என்று முழங்கையால் இடிக்கிறவள்.

இப்போது பக்கத்தில் நித்திரை. எழுப்பி, ஏன் சிரித்தாய் என்று கேட்கலாம். நினைத்துத் திரும்பவும் சிரித்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.