அவர் கை காட்டிய கடைகள்

மார்ச் 3, 2025

காலையில் கஞ்சி, அரை டம்ளரோடு வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். மத்தியானம் மோர் விட்டுப் பிசைந்த சோறு, நாலைந்து வாய். தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்து முடித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. புண் ஆறிவிட்டது என்கிறார் டாக்டர். நாக்குக்குத்தான் எதுவும் தெரியவில்லை. "எதைத் தின்னாலும் நனைஞ்ச அட்டையைத் திங்க மாதிரி இருக்குட்டி" என்கிறார்.

சாயங்காலம் ஜெயபாண்டி போன் செய்தார். இவரோடு அதே டிப்போவில் அரசு பஸ் ஓட்டுகிறவர். மச்சினன் குடும்பம் மதுரையிலிருந்து காரில் வருகிறதாம். கோவில்பட்டியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார்.

இவருக்குக் குரலே சரியாக வருவதில்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்துகொண்டார். "பைபாஸ்ல பெரிய போர்டைப் பாத்து நிக்காண்டாம்னு சொல்லு. ஊருக்குள்ள வரணும். ரவா தோசை சொல்லணும். முறுகலா வேணும்னு கேட்டு வாங்கணும், கேக்கலைன்னா மெத்துனு குடுத்துருவான். பிள்ளைகளுக்கு உறைக்காத சட்னி தனியா இருக்கு." ஒவ்வொரு வரிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னார்.

எந்த ஊரில், எந்தக் கடையில், எந்நேரம் போனால் எது நன்றாக இருக்கும் — இத்தனை வருஷம் பஸ் ஓட்டி இவர் சேர்த்த சொத்து அதுதான். யார் கேட்டாலும் அள்ளிக் கொடுப்பார். செண்பகராஜ் சொன்னால் சரியாக இருக்கும் என்று பாதி ஊருக்கு நம்பிக்கை.

போனை வைத்ததும் மிச்சக் கஞ்சியை நீட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 10

திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். எடை மறுபடியும் இறங்கியிருக்கிறது. இப்படியே போனால் மூக்கில் திரும்பக் குழாய் போடவேண்டி வரும், அடுத்த மாதம் பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். கயத்தாறு வரைக்கும் எதிரே வருகிற பஸ்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்தக் குழாய் மட்டும் வேண்டாம்னு சொல்லிருட்டி" என்றார்.

நான் சொன்னால் கேட்டுவிடுவார்களா? சரி, சொல்லுதேன் என்றேன்.

மார்ச் 12

பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன். கரண்டியைக்கூடத் தொடவில்லை.

மார்ச் 16

ஞாயிற்றுக்கிழமை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "செல்வமாரி, கடைக்குப் போவமா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எங்கள் கூடத்துச் சாம்பாருக்குப் பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு இரண்டாம் தடவை வருவார்கள். வீட்டில்தான் கல்யாணமானதிலிருந்து கடைகளோடு எனக்குச் சண்டை. இப்போது வாயில் ருசியே இல்லாத நேரத்திலும் கடைதான் வேண்டுமா?

குழாயை நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜபாண்டியின் இட்லிக்கடை. நாலு பெஞ்சு, ஒரு கொப்பரை, புகை. ராஜபாண்டி "வாங்கண்ணாச்சி" என்று நிமிர்ந்தவர் கரண்ட் வைத்துக் கருத்துப்போன இவர் கழுத்தைப் பார்த்துவிட்டார். உடனே குனிந்து துணியை உரித்து இட்லி எடுக்க ஆரம்பித்தார். எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

இலையை என் பக்கம் தள்ளினார் இவர். "நீ சாப்பிடு. சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? நீ இப்ப எனக்குக் கண்டக்டர் மாதிரி. பின்னால என்ன நடக்குன்னு நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? வாய்க்குள்ளேயே முனகினேன். இட்லி ஈரத்துணி வாசத்தோடு சூடாக இருக்கிறது. லேசான புளிப்பு. வெங்காயச் சட்னியில் முதலில் வருவது பூண்டு, உறைப்பு நின்று நிதானமாகத்தான் வருகிறது. எண்ணெய்... கடலெண்ணெய்.

"ஆங். கடலெண்ணெய்தான். அவன் மாத்தல" என்றார். என்னமோ பரீட்சையில் நான் பாஸானதுபோல ஒரு சந்தோஷம் முகத்தில். கேட்டுக்கொண்டே தயிரில் ஊறவைத்த இட்லியை எடுத்து வாயில் வைத்தார். பேச்சு மும்முரத்தில் ஒன்று முழுதாக உள்ளே போய்விட்டது. பிறகு இன்னொன்றில் பாதி.

வீட்டுக்கு வரும்வரை அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் எங்கே நின்றுவிடுமோ என்று பயம்.

மார்ச் 17

கேட்டுவிட்டேன். என் சமையலில் என்னதான் குறை?

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "உன் சமையல்ல ஒரு குறையும் இல்ல. வீட்டுல தட்டும் நானுந்தான் இருக்கோம். கடைல நாலு சத்தம் இருக்கும். கல்லுல கரண்டி தட்டுத சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பசிக்கி. அது என் புத்தி. நீ என்ன செய்வ?"

கோபப்பட்டிருக்கலாம். கொஞ்சம் பட்டேன். ஆனால் இத்தனை வருஷமாக என் கைப்பக்குவம்தான் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 29

மெயின் ரோட்டில் பருத்திப்பால் வண்டி. "வாசம் மட்டும் லேசா வருதுட்டி" என்றார். மிச்சத்தை நான் சொன்னேன் — கருப்பட்டியின் புகை, சுக்கு, கடைசியில் அடித்தொண்டையில் ஒரு சின்ன எரிச்சல், அதற்கு மேலே தேங்காய்ப் பல். வழுவழுவென்று இறங்குவதால் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். வலியில்லை.

மறந்துவிடாமல் எழுதிவைக்கிறேன்: வண்டி வந்தவுடன் குடித்துவிட வேண்டுமாம். நேரம் ஆக ஆக அடியில் தடித்துவிடும்.

ஏப்ரல் 5

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. இன்று பார் வாசலில் நின்று ஈரல் தின்றேன்.

பாருக்குள் போகவில்லை. வாசலுக்கு ஓரமாக வெள்ளைத்தாய் என்று ஒருத்தி கடை போட்டிருக்கிறாள். சுண்டல், அவித்த முட்டை, ஈரல் வறுவல். ஊரிலேயே நல்ல ஈரல் இங்குதான் என்றார் இவர். முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் சத்துணவு டீச்சர் பாருக்கு வந்துவிட்டாள் என்றுதானே பேசுவார்கள்?

வெள்ளைத்தாய்க்கு என் நிலைமை புரிந்துவிட்டது. "கூச்சப்படாதிய மதினி. குடிக்கவன் அந்தப் பக்கம் போவான், ருசி தெரிஞ்சவன் இந்தப் பக்கம் நிப்பான். அண்ணாச்சி என்னைக்கும் இந்தப் பக்கந்தான்."

"நெசமாவா?" என்றேன்.

"வண்டி ஓட்டுதவரு. குடிச்சிட்டு வந்தா நானே குடுக்க மாட்டேன்."

ஈரல் பல்லில் ஒட்டவில்லை, மாவு போலவும் உதிரவில்லை. மிளகைத் தட்டித்தான் போட்டிருக்கிறாள், பொடியில்லை. சின்ன வெங்காயம் ஓரத்தில் கருகி இனிக்கிறது. இதையெல்லாம் இவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததில் தட்டு காலி. இன்னொரு தட்டு கேட்டேன். அப்போதுதான் இவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. இரண்டு முட்டையைப் பிசைந்து வெந்நீரோடு உள்ளே தள்ளிவிட்டார்.

வாசலில் குடித்துவிட்டு நின்ற ஒருவர் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். மரியாதையாகத்தான் போட்டார்.

ஏப்ரல் 9

டாக்டர். எடை இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியே இருக்கிறது. குழாய் வேண்டாம்.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டதற்கு இவர் கடைகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சுத்தமான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், காரம் கூடவே கூடாது என்றார் டாக்டர். கடைசியில், அந்த இட்லிக்கடை எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 20

பரோட்டாக் கடைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இவருக்குப் பரோட்டா என்றால் உயிர். சால்னாவை நான் மட்டும் தொட்டுக்கொள்வது, இவருக்குப் பரோட்டாவைப் பாலில் ஊறவைப்பது என்று பேச்சு.

நான் கை கழுவப் போன நேரத்தில் சால்னாவை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டார். தொண்டையில் தீயை வைத்த மாதிரி — அப்படியே இருமி, கண்ணெல்லாம் தண்ணீர், இலை முழுக்கத் துப்பி, சட்டையெல்லாம்... பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். கடைக்காரர் ஓடிவந்து முதுகைத் தடவினார். நான் என்ன செய்வேன், ஏன் செஞ்சிய, ஏன் இப்படிச் செஞ்சியன்னே கத்திட்டிருக்கேன். கத்தியிருக்கக் கூடாது. நாலு பேருக்கு முன்னால கத்தியிருக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து போனை அணைத்து அலமாரியில் வைத்தார். "கடை சொல்லுத செண்பகராஜ் செத்துட்டான்னு சொல்லிரு. இனி எவனும் என்கிட்ட கேக்காண்டாம்."

ஏப்ரல் 23

தண்ணீரும் குளுக்கோஸும். கடை என்ற பேச்சே இல்லை.

ஏப்ரல் 26

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று போனை நான்தான் எடுத்து உயிர்ப்பித்தேன். வைத்த கொஞ்ச நேரத்தில் அடித்தது. திருப்பூரிலிருந்து யாரோ ஒருவர். நாளைக்கு வேனில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறார்களாம். "செண்பகராஜ் அண்ணன்கிட்ட கேட்டா காலைச் சாப்பாட்டுக்கு நல்ல கடை சொல்வாருன்னாங்க."

இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவர் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படி வந்ததோ, "நான் அவர் வீட்டம்மா. சொல்லுதேன், குறிச்சுக்கோங்க" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜபாண்டி கடை, துணி இட்லி, வெங்காயச் சட்னி, கடலெண்ணெய்தான் ஊற்றுவார், வேனை எங்கே நிறுத்தலாம் — சொல்லச் சொல்ல எனக்கே நாக்கில் ஊறுகிறது.

கட்டிலிலிருந்து குரல். "மூணாவது ஞாயிறுதான் அவன் தொறப்பான். மத்த ஞாயிறு லீவு."

நாளை நாலாவது ஞாயிறு. கையால் போனைப் பொத்திக்கொண்டு, "அப்ப எங்கன அனுப்ப?" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தார். எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஆப்பக்கடை. இவர் சொன்னார், நான் போனில் திருப்பிச் சொன்னேன். தேங்காய்ப்பால் போதவில்லை என்றால் இன்னொரு தரம் ஊற்றுவார்கள், கூச்சப்படாமல் கேட்கச் சொல். சொன்னேன். வயசானவர்கள் இருந்தால் உள் அறையில் நாற்காலி இருக்கிறது. அதையும் சொன்னேன்.

போனை வைத்தேன்.

"நீ நல்லாத்தான் சொல்லுத. என்ன, கொஞ்சம் வளவளன்னு இழுக்க" என்றார். பிறகு, "கஞ்சி இருக்கா?"

இருந்தது.

ஜூன் 15

நேற்று குளத்தூரில் ஒரு காதுகுத்து. விருந்தில் இவர் தயிர்சோறு மட்டும் சாப்பிட்டார். திரும்பும்போது வந்த பஸ் பழுதாகி, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் நிழல் கிடையாது. பேர்கூட எழுதாத ஒரு தள்ளுவண்டியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் இருந்தது. நான் ஒரு வாய் வைத்தேன். துப்ப வேண்டியது, நாகரிகம் பார்த்து விழுங்கினேன்.

இவர் ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்திவிட்டார்.

"உப்பு" என்றார்.

"என்னங்க?"

"உப்பு கூட. கூடத்தானே?"

"ரொம்பக் கூட. வாயில வைக்க முடியல."

"எனக்குத் தெரியுதுட்டி."

ஒரு பருக்கை விடாமல் தின்றார். இன்னொரு பொட்டலம் வாங்கினார். வண்டிக்காரருக்குச் சந்தேகம், என்னைப் பார்த்தார். இவர் அவரிடம், "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எத்தனையோ பேர் ஆக்கிப் போட்ட அருமையான சாப்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, இந்த ஜில்லாவிலேயே மோசமான எலுமிச்சைச் சாதத்துக்கா அந்த நாக்கு திறக்க வேண்டும்?

அடுத்த பஸ்ஸில் வரும்போது அழுதேன். காற்றில் புழுதி, கண்ணில் விழுந்துவிட்டது என்று பக்கத்திலிருந்த அம்மாள் ஊதிவிடப் பார்த்தாள்.

ஜூலை 11

இனிப்பு இன்னும் வரவில்லை. கடலைமிட்டாயைத் தண்ணீரில் லேசாக நனைத்து, கடிபடும் சத்தத்துக்காகத் தின்கிறாராம்.

ஆகஸ்ட் 4

டிப்போவில் மறுபடியும் சேர்ந்துவிட்டார். இப்போதைக்கு ஆபீஸ் வேலை. ஸ்டியரிங்கைத் தொட இன்னும் நாள் ஆகும். போகும்போது தலை சீவிவிட்டேன். கன்னம் கொஞ்சம் திரண்டிருக்கிறது.

செப்டம்பர் 12

சாயங்காலம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். டிப்போவிலிருந்து போன்.

"எனக்குச் சோறு வைக்காண்டாம். கடலையூர் ரோட்டுல புதுசா ஒரு கடை போட்டிருக்காவளாம். பணியாரமும் நாட்டுக்கோழிக் குழம்பும். ஜெயபாண்டி கூப்பிடுதான். எப்படி இருக்குன்னு தெரியல, போய்ட்டு வந்து உனக்குச் சொல்லுதேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றேன்.

 கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பார்.

"நானும் வாரேன். குழம்பு உறைப்பான்னு நான் பாத்துட்டுச் சொன்ன பொறவு நீங்க தொட்டாப் போதும்."

"வெரசா வா" என்றார். "ஜன்னலோரம் இடம் பிடிச்சு வைக்குதேன்."

ரசத்தைத் தாளித்து மூடிவைத்துவிட்டேன். காலையில் ஆகும். டவுன் பஸ் வரக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. மாம்பழக் கலர் சேலை வேண்டாம், குழம்பு பட்டால் கறை போகாது. கத்தரிப்பூக் கலரைக் கட்டிக்கொள்கிறேன்.