உன் அம்மாவுக்குக் கிடைத்த லீவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்தக் குட்டியும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. கால் வீக்கம் குறைந்ததா? படுக்கும்போது தலையணை வைத்துக் காலை உயர்த்திக்கொள்ளச் சொன்னாள் உன் அம்மா.

போன வாரம் போனில், அம்மா பிரசவத்துக்கு வருவாளா மாட்டாளா என்று நீ கேட்டதும் நான் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன் அல்லவா, அது குழாய் மேல் உள்ள அக்கறையில் இல்லை கண்ணு, உனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு லீவு இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. கொடுக்காதவர் யார் தெரியுமா, அவளேதான். குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் ஆனதிலிருந்து டியூட்டி போடுவது அவள் பொறுப்பு, யாரும் விரும்பாத நாட்களுக்கெல்லாம் முதலில் தன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பிரிப்பாள், உனக்குத்தான் தெரியுமே. துடைக்க ஆள் வராவிட்டால் தானே துடைப்பாள், புதிதாக வந்த பெண்ணுக்கு ஊசி போடக் கை நடுங்கினால் பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றுகொள்வாள், டாக்டர் கத்தினால் பெண்களைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முன்னால் நின்று வாங்கிக்கொள்வாள். வார்டில் எல்லாருக்கும் ஊழியக்காரி, வீட்டுக்கு வந்தால் மகாராணி, என்னை வேலை வாங்குகிற வாங்கில் எனக்கு ஒரு நாளும் லீவு கிடையாது. இந்த முறை ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், இன்னொருத்தியின் அப்பாவுக்கு ஆபரேஷன், நானும் போனால் வார்டு தாங்காது என்று தன் லீவை ரத்து செய்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, அதில் இன்னும் கோபம்.

நேற்றுச் சாயங்காலம் அந்த வார்டுப் பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வாங்கிய நர்ஸ், அவள் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். உன் பிரசவ விஷயத்தை அவர்களிடம் நான் சொல்லவே இல்லை என்று உன் அம்மாவிடம் சாதித்திருக்கிறேன், நீயும் அப்படியே நம்பு. ஆளுக்குக் கொஞ்சமா டியூட்டியைப் பிரிச்சுக்கிட்டோம், நீங்க கிளம்புங்க சிஸ்டர் என்றாள். உன் அம்மா வழக்கம்போல, அதெல்லாம் வேண்டாம்மா, நீங்க ஏன் கஷ்டப்படணும் என்று ஆரம்பித்தாள். எக்ஸ்பிரஸ் விடவில்லை. எங்க கஷ்டத்தையெல்லாம் நீங்க வாங்கிக்கிறீங்க, உங்களோடதுல துளிகூட எங்களுக்குத் தர மாட்டீங்களா, அப்போ நாங்க உங்களுக்கு யாரு சிஸ்டர் என்று கேட்டாள். பின்னால் நின்ற ஒருத்தி, நீங்க இல்லாம வார்டு நடக்காதுன்னா இத்தனை நாளா எங்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குழாயைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்த் துடைத்துக்கொண்டு வந்தேன். உன் அம்மா கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கடைசியில், ஜன்னலோரப் படுக்கைப் பையன் மருந்தைத் துப்பிடுவான், கதை சொல்லிக்கிட்டேதான் கொடுக்கணும் என்றாள். தெரியும் சிஸ்டர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவுதான், ஒத்துக்கொண்டுவிட்டாள்.

வரும் வாரம் கிளம்புகிறாள். எனக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது, பேரப்பிள்ளையைப் போனில் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றெடுத்து, பிள்ளையும் நீயும் நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்து இறங்கியதும் துடைப்பத்தைத் தேடுவாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இருக்கிற நர்சுகளோடு சேர்ந்து படுக்கை விரிக்கப் போய்விடுவாள். விடாதே. மாப்பிள்ளையைத் தேநீர் போடச் சொல்லி, உன் கையால் கொடு. வேண்டாம் என்றுதான் சொல்வாள். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திரு. வாங்கிக்கொள்ள இப்போதுதான் பழகுகிறாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா